மெம்பர் லிஸ்ட் எதற்கு வாங்கினோம்?

வேலூரில் ஒரு பொழுதுபோக்கு கிளப்பின் அலுவலகத்தில் பல வருடங்களாகக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வருகிறேன். ஷட்டில், கேரம், சீட்டு மேசை, மாலையில் கேண்டீன், வருடத்துக்கு ஒரு பொதுக்குழு என்று எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரியான கிளப்தான். மெம்பர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மற்றவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள், லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். பெயர் வேண்டாம். மெம்பர் லிஸ்ட் விளம்பரக்காரர்கள் கைக்குப் போன கதை இது. வேறு கிளப்புகளில் வேலை பார்க்கும் நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் பொதுக்குழு நோட்டீஸ் தபாலில் போகும். முகவரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய், ‘அண்டர் சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ முத்திரை வாங்கி ஃபைலில் வைப்போம். ‘எனக்கு நோட்டீஸே வரலை’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் அந்த முத்திரைதான் எங்கள் சாட்சி. 2011-இல் தபால் துறை அந்த வசதியை நிறுத்திவிட்டது. பட்டியலில் பல முகவரிகளின் கடைசி வரி ‘என்.ஏ. டிஸ்ட்ரிக்ட்’, அதாவது வடஆற்காடு மாவட்டம் என்றே இருக்கும். 1989-இல் வடஆற்காடு பிரிந்தது, அப்புறம் பெயர் மாறியது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. லேபிளை மட்டும் யாரும் மாற்றவில்லை. தபால்காரருக்கு 632006 என்றால் காந்தி நகர், 632009 என்றால் சத்துவாச்சாரி. அவருக்கு அது போதும்.

ஒவ்வொரு கவருக்கும் ஸ்டாம்ப் செலவு உண்டு. அதனால் எதை அனுப்பலாம், எது வேண்டாம் என்று கமிட்டி யோசிக்கும். மெயில் வந்த பிறகு செலவு போனது, கூடவே அந்த யோசனையும் போனது.

ஆரம்பம் ஒரு ஷட்டில் டோர்னமென்ட். கோப்பைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தருவதாக ஒரு மனை விற்பனைக்காரர் வந்தார். பதிலுக்கு மைதானத்தில் பேனர் கட்டித் தருகிறோம் என்றோம். ‘பேனர் எல்லாம் எதுக்கு சார், மெம்பர் லிஸ்ட்டை எக்ஸல்ல அனுப்பிடுங்க’ என்றார். கமிட்டியில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு நகைக்கடை வந்தது, முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் வந்தது, காசி-கயா டூர் வந்தது. சிலருக்கு லிஸ்ட்டையே கொடுத்தார்கள். சிலருக்காக கிளப் பெயரிலேயே மெயில் போட்டார்கள்.

அப்படிப் போன ஒரு மெயில் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. தலைப்பு ‘மெம்பர்களுக்கு முக்கிய அறிவிப்பு’. மேலே கிளப் சின்னம், கீழே செக்ரட்டரி பெயர். நடுவில் மனைப்பிரிவு வரைபடம், ‘டிடிசிபி அப்ரூவ்டு’, ‘பைபாஸிலிருந்து ஐந்தே நிமிடம்’, ‘நம் மெம்பர்களுக்கு மட்டும் சிறப்புச் சலுகை’. (அந்த ஐந்து நிமிடம் நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் போனால் கிடைக்கலாம்.) மற்றவர்களுக்குத் தெரியாமல் பிசிசி-யில் போட வேண்டிய முகவரிகளை எல்லாம் ‘டு’ கட்டத்தில் போட்டு அனுப்பியதால், யாருடைய மெயில் ஐடி என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று ரிப்ளை ஆல் கொடுத்தார். அது எல்லோருக்கும் போனது. ‘என் பெயரையும்’ என்று இன்னொருவர். நடுவில் ஒருவர் தீபாவளி வாழ்த்து சொன்னார். அன்று மாலை வரை அலுவலக போன் ஓயவில்லை.

சேரும்போது நாங்கள் கொடுக்கிற விண்ணப்பத்தில் பிறந்த நாள், திருமண நாள், மனைவி அல்லது கணவர் பெயர், ரத்த வகை என்று எல்லாக் கட்டமும் உண்டு. வாழ்த்து அட்டை அனுப்பவும் அவசரத்துக்கு ரத்தம் கேட்கவும் அந்தக் காலத்தில் போட்ட கட்டங்கள். நகைக்கடைக்கு அதில் திருமண நாள் மட்டும் போதும். எங்கள் மெம்பர் ஒருவர் இறந்து, மெம்பர்ஷிப்பை அவர் மனைவி பெயருக்கு மாற்றியிருந்தோம். சந்தா லெட்ஜரில் இறந்தவர் பெயரைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான். கடைக்குப் போன லிஸ்ட்டில் அடிக்க யார் இருக்கிறார்கள்? திருமண நாளன்று அவர் பெயருக்கே ‘உங்கள் துணைவிக்கு ஒரு வைர மூக்குத்தி’ என்று மெயில் வந்தது. அந்த அம்மா சண்டை போடவில்லை. போனை என் மேசையில் வைத்து, ‘இதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார்’ என்று மட்டும் சொன்னார். எனக்கு அதற்குப் பேச்சே வரவில்லை.

செக்ரட்டரி நல்ல மனிதர்தான். கேண்டீனுக்குக் கூரை போட வேண்டும், டோர்னமென்ட் நின்றுவிடக் கூடாது என்பது அவர் கவலை. ‘பிடிக்கலைன்னா டிலீட் பண்ணிட்டுப் போகட்டுமே’ என்பார். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கடையிலிருந்து வரும் மெயில் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம், கடைக்கே போகாமலும் இருக்கலாம். கிளப் மெயிலை நிறுத்தினால் சந்தா பாக்கி, தேர்தல், பொதுக்குழு எதுவும் தெரியாது. விளம்பரம் வேண்டாம் என்பவர் கிளப்பையே விட வேண்டியதுதான் என்றால் அது என்ன நியாயம்? எங்கள் கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானது. மெம்பர் பதிவேடு இருப்பது சங்கத்தை நடத்த. விற்பதற்கு அது கமிட்டியின் சொத்து இல்லை.

அடி விழுந்தது பொதுக்குழுவில். எரிச்சலில் நிறையப் பேர் கிளப் முகவரியையே ஸ்பேம் என்று குறித்துவிட்டார்கள். அப்படிப் பலர் குறித்தால், குறிக்காதவர்களுக்கும் அந்த முகவரியின் மெயில் ஸ்பேமுக்குப் போக ஆரம்பித்துவிடும். பொதுக்குழு நோட்டீஸும் அங்கேயே போய் விழுந்தது. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, கோரம், சேரவில்லை. எங்கள் விதிப்படி அரை மணி ஒத்திவைத்து, வந்தவர்களை வைத்தே நடத்தினார்கள். சந்தா உயர்வு அன்றைக்குத்தான் பாஸானது. மறுநாள் காலையில் குடியாத்தத்திலிருந்து ஒரு மெம்பர் நேரே வந்துவிட்டார். ‘இன்னா தம்பி, சொல்லாம கொள்ளாம ஏத்திட்டீங்க?’ அவர் போனை வாங்கி ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். இரண்டு மனை விளம்பரத்துக்கும் ஒரு டூர் விளம்பரத்துக்கும் நடுவில் நோட்டீஸ் கிடந்தது. ‘எல்லாம் பிளாட் வியாபாரம்னு நெனச்சேன்’ என்றார். கோபம் குறையவில்லை. ஏன் குறைய வேண்டும்?

சீட்டு மேசையில் சத்துவாச்சாரி கோர்ட் வக்கீல்கள் இருப்பதால் சட்டத்துக்குக் குறைவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சலும் அடங்கியிருந்தது, ஆனால் அந்தப் பிரிவையே 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்றார் ஒருவர். எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இருக்கிறது. 2018 ஒழுங்குமுறைப்படி வியாபாரச் செய்தி பதிவு செய்த அனுப்புநர் பெயரில்தான் (ஹெடர்) போக வேண்டும், மீறினால் 1909 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். எங்கள் அலுவலக மொபைலிலிருந்து உடல் பரிசோதனை எஸ்எம்எஸ் போனபோது யாரோ செய்தும்விட்டார்கள். சில நாள் அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை. செக்ரட்டரி முதல் தடவையாக யோசித்தது அப்போதுதான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: தகவலை எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்தலாம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்ப எடுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தில் சம்மதம் என்று ஒரு கட்டம்கூட இருந்ததில்லை.

இப்போது நோட்டீஸுக்கு ஒரு மெயில் ஐடி, விளம்பரத்துக்கு வேறு ஐடி. புது விண்ணப்பத்தில் ‘விளம்பரச் சலுகைகள் வேண்டும்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடிப்பவர்கள் மிகக் குறைவு. எத்தனை பேர் என்று ஸ்பான்சர் கேட்டால் செக்ரட்டரி பேச்சை மாற்றிவிடுகிறார். நகைக்கடை பழையபடி பேனருக்கே வந்துவிட்டது.

முன்பு கொடுத்த லிஸ்ட்டுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சமீபத்தில் சேர்ந்த மெம்பர்களுக்கு மனை அழைப்பு வருவதில்லை, பழையவர்களுக்கு மட்டும் விடாமல் வருகிறது. எந்தப் பட்டியலை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இந்தத் தொல்லைக்காகவே ராஜினாமா கொடுத்துப் போனவர் ஒருவர் உண்டு. அவருக்கும் போன மாதம் கூப்பிட்டு, கிளப் மெம்பர் என்பதால் சலுகை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் நீக்கச் சொல்லி அந்த மனைக்காரருக்கு கிளப் லெட்டர்ஹெட்டில் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.