முத்துக்காட்டில் பிரித்துக் கட்டிய வீடுகள்

திருவான்மியூரில் மாமல்லபுரம் பேருந்து பிடித்து, முத்துக்காடு படகுத்துறைக்கு முன்னாலேயே இறங்கினோம். கூட இறங்கிய கூட்டம் மொத்தமும் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விட்டது. தென்னிந்தியப் பழைய வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்கு நானும் அம்மாவும் மட்டும்தான்.

டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் நடத்தும் இடம் இது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தின் அமைப்பு கட்டிடக் கலைஞர் லாரி பேக்கருடையது. இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, இங்கே கொண்டுவந்து, அந்தந்த ஊர் ஆசாரிகளையும் கொத்தனார்களையும் வைத்தே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள்.

எல்லாரும் படம் எடுப்பது செட்டிநாட்டு வீட்டில்தான். அம்மா தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் காரைக்குடி பழைய சாமான் கடைக்கு அல்லவா போயிருக்கும்!" என்றார். உண்மைதான். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணும் நிலையும் தனித்தனியாக விலைபோகின்றன. வீடு வீடாகவே தப்பிப்பது அபூர்வம்.

என்னை நிறுத்திவைத்தது கோட்டயம் பக்கத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு. மர வீடு. உள்ளே நுழைந்ததும் எதிரே நெல் அறை! விருந்தாளி கண்ணில் முதலில் படவேண்டியது வீட்டு நெல்தான் போலிருக்கிறது. கேரளத்து நெல் அறைகளில் பலகைகளை, தூணில் வெட்டிய பள்ளமான காடியில், ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். நெல் குறையக் குறைய மேல் பலகையை உருவிக்கொள்ளலாம். பலகையும் பொருத்துமாக இருக்கிற வீட்டைக் கழற்றி மாட்டுவது ஆசாரிக்குக் கைவந்த வேலை. மண் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சுவரைப் பெயர்த்தால் கையில் வருவது மண்தான். ஆந்திரக் கடலோரத்து வட்ட மண் வீட்டின் முன்னால் நின்றபோது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கட்டத் தெரிந்த கையைத்தான் காப்பாற்ற வேண்டும்.

நெல்லைப் பக்கத்து அக்கிரகார வீடு ஒற்றையாக நிற்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பொதுச்சுவரும், திண்ணைக்குத் திண்ணை பேச்சும் இருந்தால்தானே அக்கிரகாரம்? அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியதும் கர்நாடகப் பகுதிக்குப் போய்விடுங்கள். இல்கல் நெசவாளர் வீட்டின் கனத்த கல் சுவருக்குள் நன்றாகவே குளிர்கிறது. அப்புறம் குயவர் சக்கரம், வளையல் கடை, கிளி ஜோசியம் எல்லாம் உண்டு. கிளி எனக்கு எடுத்துக் கொடுத்த சீட்டில் வெளிநாட்டு யோகம். பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது, குழந்தைகளைக் கூட்டிப்போனால் குயவர் சக்கரத்திலேயே பாதி நாள் போய்விடும்.