ஷட்டர் இறங்கிய பிறகு

ஜூன் 6

அப்பா டெபாசிட் போட்ட நிதி கம்பெனி இன்றும் திறக்கவில்லை.

ஜூன் 7

ஷட்டரில் ஒட்டியிருந்த தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். "கணினிப் பராமரிப்பு காரணமாக" என்கிற துண்டு மட்டும் பசையோடு நிற்கிறது. அதை நாலைந்து பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன், எதற்கென்று தெரியாமல். வாட்ச்மேன் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கே சம்பளம் பாக்கியாம். அவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார் எண்ணெய்க் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான். "அந்த கேஷியர் பையன் வந்திருந்தானா?"

ஜூன் 9

தூக்கம் வரவில்லை. ஆர்பத்நாட் கதையை மறுபடியும் படித்தேன்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, ஊராரிடம் டெபாசிட் வாங்கி வங்கி நடத்திய மதராஸ் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்துப்போனது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, 20-ம் தேதி, அவர்களுடைய லண்டன் கூட்டாளி மெக்ஃபேடியன் ரயில் முன்னால் விழுந்து செத்துப்போனார். ஊக வணிகத்தில் பணத்தை விட்டது அங்கேதான். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. என்னால் அந்த ஞாயிற்றைத் தாண்ட முடியவில்லை. தீபாவளி முடிந்த வாரம். பட்சணம் இன்னும் டப்பாவில் இருந்திருக்கும். பென்ஷன் வாங்கிய தாசில்தார், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த குமாஸ்தா, ஜீவனாம்சப் பணத்தைப் போட்ட விதவை, எல்லாரும் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். கடல் கடந்து தந்தி அடிக்க அப்போது வசதி இருந்தது. மதராஸில் யாருக்காவது தந்தி வந்ததா? வந்திருந்தால், அவர் யார் காதில் போட்டார்?

ஜூன் 10

சித்தப்பா போனை எடுக்கவில்லை.

ஜூன் 11

கூடத்தில் தொங்குகிற தினசரி காலண்டர் அவர்கள் கொடுத்ததுதான். மேலே லட்சுமி படம், கீழே நிதியின் பெயர், "உங்கள் சேமிப்பு, எங்கள் பொறுப்பு". அம்மா அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். அப்பா எடுத்து மறுபடி மாட்டினார். ராகுகாலம் பார்க்க வேறு காலண்டர் இல்லையாம்.

இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவில்லை.

ஜூன் 13

தஞ்சாவூர், பொருளாதாரக் குற்றப்பிரிவு. முதல் பஸ்ஸில் போயும் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. டெபாசிட் ரசீது ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், புகார் மனு இரண்டு பிரதி. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மனுவையே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பெயர், தொகை, தேதிக்கு மட்டும் கோடு போட்டு இடம். எத்தனை ஊர், எத்தனை நிதி பார்த்த கடையோ.

அப்பா எழுத்தரிடம் கேட்டார்: "அஞ்சு லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டுன்னு சொல்றாங்களே, சார்?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது பேங்குக்குங்க. இது நிதி."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவுக்கு விளக்கப் பார்த்தேன். 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் வைப்புத்தொகைக் காப்பீடு என்ற பேச்சே உறைத்தது. 1962-ல் வந்தது. முதலில் 1,500 ரூபாய்க்குத்தான். ஐந்து லட்சம் ஆனது 2020-ல். வணிக வங்கி, கூட்டுறவு வங்கிக்கு உண்டு, நிதி கம்பெனிக்குக் கிடையாது. அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பாபநாசம் தாண்டியதும் கேட்டார், "பாலாய் எங்கே இருக்கு?" கோட்டயம் பக்கம், சின்ன ஊர் என்றேன். "நம்ம ஊரு மாதிரியா?" என்றார்.

ஜூன் 14

இன்று மூன்று தடவை: "பேங்குன்னு போர்டுல போடலையே, நாம ஏன் பேங்குன்னே சொன்னோம்?"

ஜூன் 16

கேஷியர் பையனைச் சந்தையில் பார்த்தேன். ஓடப் பார்த்தான், நிறுத்திவிட்டேன். அழுகிற நிலையில் இருந்தான். அவனையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பேச்சோடு பேச்சாக, "உங்க சித்தப்பா சார் தப்பிச்சுட்டாரு, ஏப்ரல்லயே க்ளோஸ் பண்ணிட்டாரு" என்றான். நான் ஏற்கெனவே தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஏப்ரல். ஏப்ரலில் சித்தப்பா இங்கே வந்தார். வருஷப்பிறப்பு அன்று இதே கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார். அப்பா அன்று அவரிடம்தான் கேட்டார், கையில் கொஞ்சம் வந்திருக்கிறது, இன்னும் ஒரு லட்சம் அதிலேயே போடட்டுமா என்று. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சித்தப்பா, "உங்க இஷ்டம்ண்ணே" என்று சொல்லிவிட்டு மாங்காய்ப் பச்சடி இன்னும் கொஞ்சம் கேட்டார். நான்தான் போட்டேன், இரண்டு கரண்டி. மே மாதம் அப்பா அந்த ஒரு லட்சத்தையும் கொண்டுபோய்க் கட்டினார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

நிதி விதிகளைப் புரட்டினேன் (2014). வாங்கிய டெபாசிட்டில் குறைந்தது பத்து சதவீதத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். மிச்சம் நகை மேலும் வீட்டுப் பத்திரத்தின் மேலும் உறுப்பினர்களுக்குக் கடனாகப் போயிருக்கும். ஆக, சட்டப்படியே நடந்திருந்தாலும், முதலில் கை நீட்டுகிற கொஞ்சப் பேருக்குத்தான் உடனே முழுசாகக் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தில் சித்தப்பா.

ஜூன் 17

மாங்காய்ப் பச்சடி.

ஜூன் 21

1938-ல் இதே தேதியில்தான் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. திருவல்லாவில் 1912-ல் ஒன்று, கொல்லத்தில் 1919-ல் ஒன்று என்று சின்ன ஊர்களில் பிறந்த இரண்டு வங்கிகள். 1937-ல் ஒன்றாகின, மறுவருஷமே கதை முடிந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. மலையாள மனோரமாவும் அவருடையது. அது திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு ஆகாத, பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரஸ் பக்கம் சாய்ந்த பத்திரிகை. வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பியது, பணம் எடுக்கக் கூட்டம் கூடியது. ரிசர்வ் வங்கிக்கு அப்போது மூன்று வயது. கேட்ட உதவி கிடைக்கவில்லை. செப்டம்பரில் மனோரமாவுக்குப் பூட்டு, அக்டோபரில் மாப்பிள்ளை மதராஸில் கைது. திவான் கவிழ்த்தார் என்று ஒரு கட்சி, நிர்வாகம்தான் கோளாறு என்று ஒரு கட்சி, இன்றுவரை. இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. சரியாக நடந்த வங்கிகூட எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் தாங்காது. கடன் கொடுத்த பணத்தை ரப்பர் தோட்டத்திலிருந்து மறுநாளே பிடுங்கி வர முடியுமா?

ஆனால் என் தொல்லை வேறு. அந்தக் கதையில் வாய் திறந்தவன் வில்லன். வங்கி ஆட்டம் காண்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னவன்தான் அதைக் கவிழ்த்தவர்களில் ஒருவன். எங்கள் கதையில் வாய் திறக்காதவர் வில்லன். சித்தப்பா அன்று இலையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால்? அப்பா வாத்தியார். பழைய மாணவர்கள் எத்தனை பேர் அங்கே போட்டிருந்தார்கள்! ராத்திரிக்குள் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். காலையில் ஷட்டர் முன்னால் கூட்டம். ஜூனில் மூடியது ஏப்ரலிலேயே மூடியிருக்கும். அப்போதும் அப்பா வரிசையில் கடைசியில்தான் நின்றிருப்பார், எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு.

இப்படியெல்லாம் யோசித்து சித்தப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறேனா? மாட்டேன். குறைந்தபட்சம் அந்த ஒரு லட்சத்தையாவது தடுத்திருக்கலாம்.

ஜூன் 22

நல்ல மூடில் இருக்கிறேன், காரணமில்லாமல். மாம்மன் மாப்பிள்ளையின் மகன் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். மாமாவிடம் சொன்னேன். தன் பைக் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்போ டெபாசிட் போட்டவன் பிள்ளைங்க என்ன கம்பெனி ஆரம்பிச்சாங்களாம்?" என்றார். சிரித்தோம். அப்பாவும்.

ஜூன் 25

சித்தப்பா வந்தார். பங்கனப்பள்ளி ஒரு பெட்டி.

"அண்ணே, ஏப்ரல்ல பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு, அதான்…" என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். அப்பா பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை முகர்ந்து பார்த்தார். "கார்பைடு போடலையே? எந்தக் கடை?" என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் தெரிகிற வீடு இது.

காபி எடுக்க உள்ளே போனேன், சித்தப்பா பின்னாலேயே வந்தார். "கேஷியர்தான்மா சொன்னான். இப்பவே எடுத்துக்குங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா உங்களுக்கும் கிடைக்காதுன்னான். அண்ணன்கிட்ட சொன்னா நிக்குமா, நீயே சொல்லு." நான் டவராவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "ஒரு லட்சத்தையாவது போடாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே சித்தப்பா." அவர் பதில் சொல்லவில்லை. சர்க்கரை வேண்டாம் என்றார். போட்டுத்தான் கொடுத்தேன்.

ஜூன் 28

கல்யாண மண்டபத்தில் முதலீட்டாளர் கூட்டம். சங்கம் அமைக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர். பொருளாளர் என்றதும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வழக்குச் செலவுக்குத் தலைக்கு ஐந்நூறு. யாரிடம் கொடுப்பது என்பதில் ஒரு மணி நேரம் போனது.

ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்களுக்கு வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் கிடைத்தார். அந்த நொடிப்பின் சூட்டிலேயே நம்மவர்களுக்கு ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பி, 1907 ஆகஸ்ட் 15-ல் பாரிமுனையில் இந்தியன் வங்கியைத் திறந்துவிட்டார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அந்தக் காலத்தில் ஒரு துரையை, அதுவும் சர் பட்டக்காரரை, உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது. பணம் போட்ட அந்த தாசில்தாருக்குத் தெம்பு வந்திருக்குமா, அது வேறு.

ஆர்பத்நாட் விழுந்த அதே 1906 அக்டோபரில், ஆறு நாள் முன்னால், 16-ம் தேதி, தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. பங்கு இருபத்தைந்து ரூபாய். அந்தப் பணமும் நிற்கவில்லைதான். ஆனால் அதில் போட்டவன் பேரன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் அப்பா காலண்டர் கொடுத்தவனிடம் போட்டார்.

ஜூன் 30

ஒன்றுமில்லை. மாம்பழம் தீர்ந்தது.

ஜூலை 2

ஒரு டைரக்டரைப் பிடித்துவிட்டார்கள் என்று காலையில் வாட்ஸ்அப்பில். மத்தியானம் இல்லை என்றார்கள். சாயங்காலம் மறுபடி ஆமாம். வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும் என்கிறார் சங்கச் செயலாளர். சொத்தை ஜப்தி செய்து, ஏலம் விட்டு, பிரித்துக் கொடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று ஒருவர் கேட்டார். குரூப்பில் யாரும் பதில் போடவில்லை. ஒருவர் கும்பிடும் கை போட்டார்.

நாளை ஒரிஜினல் ரசீதோடு பத்து மணிக்குத் தஞ்சாவூரில் இருக்க வேண்டும். மே மாத ரசீது ஒன்று மட்டும் தனியாக எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, பீரோவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா கார் அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். அப்பா பஸ்தான் என்கிறார். அம்மா கார் என்கிறாள், முட்டி வலி. நான் இன்னும்