தாராவியில் பொதுக் கழிப்பறையைச் சங்கமே நடத்துவது: நிலம் முதல் கணக்கு வரை

மும்பைக் குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கழிப்பறை கட்டிக் கொடுக்க, அங்கே குடியிருப்பவர்களின் சங்கம் அதை நடத்தும் முறை 1990களின் நடுவில் உலக வங்கிக் கடனோடு தொடங்கியது. பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என்று அப்போது முன்பணம் வாங்கினார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து, 2000இல் மகசேசே விருது பெற்ற ஜோக்கின் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும், ஸ்பார்க் தொண்டு நிறுவனமும் சேர்ந்து இந்த வழியில் நிறையக் கழிப்பறைகளைக் கட்டின. இதே வேலையில் இறங்க நினைக்கும் குடிசைப் பகுதி மக்களுக்காக, நடத்திப் பார்த்ததில் நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். தாராவியில் பெரும்பகுதி மாநகராட்சி நிலம். தாதரில் உள்ள ஜி வடக்கு வார்டு ஆபீஸில் மனு கொடுத்தால் இன்ஜினியர் வந்து பார்ப்பார். மாடா (மாநில வீட்டு வசதி வாரியம்) நிலம், கலெக்டர் நிலம் என்றால் தடையில்லாச் சான்று வேண்டும். ரயில்வே நிலம் என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுவதே நல்லது. காலம்தான் வீணாகும்.

சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மகாராஷ்டிராவில் சங்கப் பதிவோடு பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிவு உண்டு. இரண்டும் ஒர்லியில் உள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் நடக்கும். பொருளாளராக ஒரு பெண்ணைப் போடுங்கள். தண்ணீர் நின்றாலோ விளக்கு எரியாவிட்டாலோ முதலில் அவதிப்படுவது பெண்கள்தான், அதனால் கணக்கை அவர்கள் விடாமல் பார்க்கிறார்கள்.

எத்தனை சீட் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உலக வங்கிக் கடனில் நடந்த பழைய திட்டத்தில் 50 பேருக்கு ஒரு சீட். தூய்மை இந்தியா விதிப்படி ஆண்கள் 35 பேருக்கு ஒன்று, பெண்கள் 25 பேருக்கு ஒன்று. வரைபடம் வந்ததும் இதை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகப் போட்டிருந்தால் பெண்கள் பக்கம் காலையில் வரிசை நிற்கும். பெண்கள் வாசல் தனியாக, விளக்குள்ள பாதையைப் பார்த்து இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்வான தனி இடம் கேளுங்கள், இல்லையென்றால் அவர்கள் வெளியே வாய்க்கால் ஓரம்தான் உட்காருவார்கள். பிளைவுட் கதவு வேண்டாம், கீழ்ப்பக்கம் ஊறி உளுத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவது தாழ்ப்பாள். நாலைந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

இனி தண்ணீர். ஆயிரம் பேர் வரும் இடத்தில் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றாலும் ஒரு நாளைக்கு 5,000 லிட்டர். கழுவிவிடுவதற்கு மேலும் வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். எனவே கீழ்த்தொட்டி, மேல்தொட்டி, மோட்டார் மூன்றும் வேண்டும், கொள்ளளவு இரண்டு நாளுக்காவது தாங்க வேண்டும். மேல்தொட்டியைச் சிறிதாகக் கட்டிவிட்டால் மோட்டார் நாள் முழுக்க ஓடும், கரண்ட் பில் ஏறும். மீட்டர் எந்த வகையில் பதிவாகிறது என்பதை இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். வணிக வகையில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சாக்கடை லைன் அருகில் இருந்தால் அதில்தான் சேர்க்க வேண்டும். செப்டிக் டேங்க் வேறு வழியில்லாதபோது மட்டும். தாராவி தாழ்வான பகுதி, பக்கத்தில் மித்தி ஆறு. பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வெளியே போக வேண்டிய தண்ணீர் திரும்பி வரும், நிறைந்த டேங்க் பொங்கும். மே மாதத்துக்குள் உறிஞ்சு வண்டி வரவழைத்துக் காலி செய்துவிடுங்கள். வண்டி நுழைய முடியாத சந்து என்றால் குழாய் எவ்வளவு நீளம் எட்டும் என்பதைக் கட்டும் முன்பே அளந்து பாருங்கள். வாயு போகும் குழாய் அடைத்திருக்கக் கூடாது. அடைப்பு எடுக்க எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது குற்றம், அதற்கும் மேலாக ஓர் உயிர்.

மாநகராட்சியோடு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றாடப் பராமரிப்பு சங்கத்துக்கு என்று தெளிவாக இருக்கும். கூரை ஒழுகினால், டேங்க் மூடி உடைந்தால், பிரதானக் குழாய் அடைத்தால் யார் செலவு என்பது பெரும்பாலும் இருக்காது. எழுதி வாங்கினால்தான் உண்டு. எத்தனை ஆண்டு, புதுப்பிக்க எப்போது மனு கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

பழைய 50 பேர் கணக்கில் கட்டிய 20 சீட் கட்டடத்துக்கு ஆயிரம் பேர், அதாவது சுமார் 200 குடும்பம் என்று வையுங்கள். மாதப் பாஸ் 100 ரூபாய் என்றால் 20,000 வர வேண்டும். எல்லோரும் கட்டமாட்டார்கள், 140 குடும்பம் கட்டினால் 14,000. பராமரிக்கும் ஆளின் சம்பளம், தண்ணீர் பில், கரண்ட் பில், பினாயில், துடைப்பம் எல்லாம் இதற்குள். எனவே முதல் மாதத்திலிருந்தே ஒரு பகுதியை டேங்க் காலி செய்யவும் மோட்டார் பழுதுக்கும் ஒதுக்குங்கள். வரவு செலவைச் சுவரில் ஒட்டினால் பாஸ் கட்டுபவர்கள் கூடுகிறார்கள். ஒட்டுவது நின்றால் வசூல் இறங்குகிறது. வழிப்போக்கர்களிடம் வாங்கும் காசுக்கும் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பங்காளியாகக் கம்பெனி வந்தால் நல்லதுதான். 2016இல் காட்கோபர் ஆசாத் நகரில் இந்துஸ்தான் யூனிலீவரும் மாநகராட்சியும் தொடங்கிய சுவிதா மையத்தில் குளித்த, துவைத்த தண்ணீரே கழிப்பறைக்குப் போகிறது. ஆனால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நேரடியாகப் பெற உங்கள் சங்கத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். புதுச் சங்கத்திடம் இவை இருக்காது. இவை உள்ள தொண்டு நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டடத்துக்குப் பணம் தருபவர்கள் சம்பளத்துக்குத் தரத் தயங்குவார்கள் என்பதை எதிர்பார்த்தே பேசுங்கள்.

நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் ஒர்லியில் மாற்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுத் தணிக்கைக் கணக்கும் அங்கேதான். இதை விட்டுவிட்ட சங்கங்களில் பழைய செயலாளர் ஊருக்குப் போனதும் வங்கி புதுக் கையெழுத்தை ஏற்காது, செக் போகாது, கரண்ட் பில் தேங்கும். பொதுக்குழு முடிந்த அன்றைக்கே தீர்மானத்தை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.