செவர்ன் நதி இரும்புப் பாலம் 1:50 மாடல்: ரிப் வேலை முடிந்தது

ஐந்து ரிப்பும் (பாலத்தைத் தாங்கும் வளைவுச் சட்டங்கள்) நிறுத்தியாகிவிட்டது. தளம், கைப்பிடி, பெயின்ட் பாக்கி.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் மூன்றாம் ஆபிரகாம் டார்பி 1779-ல் நிறுத்திய பாலம் இது. 378 டன் வார்ப்பிரும்பு, ஏறக்குறைய 1,700 துண்டுகள். கரைக்குக் கரை வளைவு தாண்டும் 30.6 மீட்டர் மாடலில் 612 மி.மீ. ஆகிறது. ரிப்பின் ஒரு பாதியே 70 அடி நீளம்; மாடலில் சுமார் 427 மி.மீ. 600 × 400 மி.மீ. லேசர் வெட்டு மேடையில் சாய்த்துப் போட்டால் அடங்கும்.

இந்தப் பாலத்தின் அழகே அதன் மூட்டுகள்தான். இவ்வளவு பெரிய இரும்புப் பாலத்துக்கு அன்று முன்மாதிரி இல்லாததால் துளையும் கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை), புறாவால் மூட்டு, ஆப்பு எனத் தச்சு வேலையாகவே செய்தார்கள். அதனால் மாடலில் வெறுமனே ஒட்டிவிட்டால் பாதி சுவாரசியம் போய்விடும். 3 மி.மீ. ப்ளைவுட்டின் விளிம்பில் துளை போடப் பார்த்தால் பிளந்துகொள்ளும். 1 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் மூன்று அடுக்காக வைத்து, நடு அடுக்கில் மட்டும் இடைவெளி விட்டு வெட்டினால் துளை தானாக அமைந்துவிடுகிறது. நடு அடுக்கின் இழை மற்ற இரண்டுக்கும் குறுக்காக ஓட வேண்டும். இல்லையென்றால் வளைவில் ஒடியும்.

வெட்டும் கோட்டில் லேசர் சுமார் 0.2 மி.மீ. தின்றுவிடும், துளையை அந்த அளவு குறைத்தே வரையுங்கள். ஷீட்டின் நிஜ கனத்தை வெர்னியரில் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் 1 மி.மீ. பெரும்பாலும் 1 மி.மீ. இருக்காது. கருகிய விளிம்பில் ஃபெவிகால் பிடிக்காது, 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகே தடவணும். அதுவும் மெல்லிசாக: ஈரம் பட்டால் கழுந்து உப்பி, பாதி இறங்கியதும் இறுகிவிடும். ஃபெவிக்விக் வேண்டாம், நேர்பார்க்க நேரம் தராது.

வரிசை: உள் வளைவின் இரு பாதிகளை ஜிக்கில் (துண்டுகளை அசையாமல் பிடிக்கும் அச்சு) உச்சியில் சேர்த்து, ஆரக்கால்களைச் செருகி, அப்புறம் வெளி வளைவுகள். எல்லாம் பசையில்லாமல் உட்கார்ந்த பிறகே பசை.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) போதாது. ஈரத்தில் அது குழிந்தால் இரு கரையும் உள்ளே சாய்ந்து வளைவை நெருக்கும், உச்சி மூட்டு மேலே கிளம்பும். அசல் பாலத்துக்கும் இதே தொல்லைதான். கரைகள் நகர்ந்து நெருக்கியதால் 1972-75-ல் ஆற்றடியில் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். இங்கே 18 மி.மீ. ப்ளைவுட், அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர்.

பெயின்டுக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். 2018-ல் முடிந்த புதுப்பித்தலில் பழைய பூச்சைச் சோதித்து அடர் செம்பழுப்பு பூசினார்கள். சான்டிங் சீலருக்கு மேல் மேட் ரெட் ஆக்சைடு கிட்டத்தட்ட அதே நிறம் தரும்.