சங்கம் ஒதுக்கி வைத்த அமரர் ஊர்தி: போட்டிச் சட்டம் எங்களுக்குக் கைகொடுத்த விதம்

பாளையங்கோட்டையில் அமரர் ஊர்தியும் ஃப்ரீசர் பாக்ஸும் வாடகைக்கு விடுகிறேன். வாடகை எவ்வளவு என்று வண்டிக் கதவிலேயே எழுதி ஒட்டினேன். வண்டிக்காரர்கள் சங்கம் பேசி வைத்திருந்த ரேட்டைவிட அது குறைவு. அதில்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

சங்கச் செயலாளர் முதலில் தன்மையாகத்தான் பேசினார். "தம்பி, சங்கத்துல சேர்ந்து எங்க ரேட்டுக்கு ஓட்டுங்க. இல்லன்னா ஒங்க வண்டியில எவன் ஏறுதான்னு பாத்துக்கிடுதோம்."

"அண்ணாச்சி, துட்டி வீட்டுல யாரும் பேரம் பேசிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் எழுதிப் போட்டேன்" என்றேன்.

அப்புறம் புறக்கணிப்பு வந்தது. பூ அலங்காரம் செய்பவர், பந்தல்காரர், டிரைவர்கள் எல்லோருக்கும் 'அவன் வேலைக்குப் போகக் கூடாது' என்று வாட்ஸ்அப்பில் தகவல் போனது. ஒரு வீட்டில் நீர்மாலைச் சடங்கு முடித்து உறவுக்காரர்கள் காத்திருக்க, சிந்துபூந்துறை மயானத்துக்குப் போகவேண்டிய என் வண்டியைத் தெருமுனையில் மறித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். இதைச் சும்மா விடக் கூடாது என்று முடிவெடுத்தது அப்போதுதான்.

காவல் நிலையத்தில் 'சங்க விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவருடைய முதல் கேள்வியே, "சங்கத்தில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களா, சொந்த வண்டி வைத்திருப்பவர்களா?"

இந்த வேறுபாடு முக்கியம். தொழிலாளர்கள் கூலிக்காகச் சேர்ந்து போராடினால் அது அவர்கள் உரிமை, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் இந்தச் சங்கத்தில் பெரும்பாலோர் வண்டி முதலாளிகள். ஒரே தொழில் செய்பவர்கள் கூடி விலையை நிர்ணயித்தாலோ, சேவை கிடைப்பதைத் தடுத்தாலோ, போட்டிச் சட்டம் 2002-இன் 3(3) பிரிவு அதைப் போட்டிக்குக் கேடு என்றே அனுமானிக்கிறது. சங்கத்தின் முடிவும் அதில் அடங்கும்.

வக்கீல் காட்டிய தீர்ப்புகள்தான் எனக்குத் தெம்பு கொடுத்தன. மேற்கு வங்கத்தில் வங்காளத்தில் டப் செய்த மகாபாரதம் தொடரை ஒளிபரப்பக் கூடாது என்று கலைஞர்கள், தொழில்நுட்பக் கலைஞர்களின் ஒருங்கிணைப்புக் குழு தடுத்தது. தொழிற்சங்க நடவடிக்கை என்ற அவர்கள் வாதம் எடுபடவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்தின் பக்கம் நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சினிமா இயக்குநர் வினயனுடன் யாரும் வேலை செய்யக் கூடாது என்று ஒதுக்கியதற்காக 'அம்மா' என்ற நடிகர்கள் சங்கத்துக்கும், 'ஃபெஃப்கா' என்ற சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் அதே ஆண்டு ஆணையம் அபராதம் போட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. என் நிலைமை அப்படியே வினயன் நிலைமைதான்.

இதே மாதிரி சிக்கலில் இருப்பவர்கள் ஆதாரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாய்வார்த்தை நிற்காது. வாட்ஸ்அப் செய்திகளைத் தேதியோடு எடுத்துவைத்தேன். வேலையை மறுத்த பந்தல்காரர், 'சங்கம் சொன்னதால் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். பயந்துகொண்டேதான் கொடுத்தார், அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆணையத்திடம் தகவல் மனு, அதாவது புகார், கொடுப்பவர் தன் அடையாளத்தை ரகசியமாக வைக்கக் கேட்கலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு போக வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தவிர. முகாந்திரம் இருந்தால் ஆணையம், இதற்கென்றே இருக்கும் தலைமை இயக்குநர் என்ற விசாரணை அதிகாரியை விசாரிக்கச் சொல்லும். இல்லையென்றால் மனுவை முடித்துவிடும். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் அதைத் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும், ஆணையம் தராது.

மனுவைத் தயார் செய்து, அதன் நகலோடு சங்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பினோம். நிர்வாகிகளும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகலாம் என்ற வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கூட்டம் போட்டார்கள், எனக்கு எதிரான முடிவை ரத்து செய்ததாக லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். டிரைவர்கள் திரும்பி வந்தார்கள், பூக்காரரும் வந்துவிட்டார்.

ஆனால் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் சங்க வண்டி மட்டும்தான் நிற்கலாம் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கான ஆதாரங்களை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை நோட்டீஸோடு நிறுத்தப் போவதில்லை, மனு நேரே டெல்லிக்குப் போகும்.