ஃபெடோரா போன பிறகும் போகாத ஃபெடோரா

என் கணினியில் விண்டோஸ் 10, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு இரண்டும் இருக்கின்றன. கொஞ்ச காலம் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் இருந்தது. டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய பகுதியை (பார்ட்டிஷன்) அழித்துவிட்ட பிறகும், கணினியை ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் வரும், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலில் ஃபெடோரா முதல் ஆளாக நின்றது. அதைத் தேர்ந்தெடுத்தால் ‘கிரப்>’ என்று கறுப்புத் திரை (கிரப் என்பது லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்). போதாததற்கு உபுண்டுவின் கிரப் மெனுவில் பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் வரிகள். எந்த விண்டோஸைத் திறப்பது என்று கேட்கும் நீலத் திரையில் எப்போதோ கைவிட்ட இன்னொரு விண்டோஸ்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அழிக்க முடியாது. எஃப்12 பட்டியல் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டின் என்விரேம் சிப்பில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. டிஸ்க்கை முழுதாக ஃபார்மேட் செய்தாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கும். உபுண்டு டெர்மினலில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையை ஓட்டினேன் (கடைசியில் எம்ஜிஆர் இருப்பதால் பெயர் மறக்காது). ஒவ்வொரு வரிக்கும் நான்கு இலக்க எண் வந்தது; ஃபெடோராவுக்கு 0003. சின்ன எழுத்து பி போட்டு அந்த எண், பிறகு பெரிய எழுத்து பி. சின்னது எந்த வரி என்று சொல்கிறது, பெரியது அழிக்கிறது. கட்டளைக்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி) வேண்டும்.

இதோடு விட்டால் சில போர்டுகளில் அந்தப் பெயர் திரும்பவும் முளைத்துவிடும். காரணம், இயங்குதளங்களைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஃபெடோரா ஃபோல்டர் இன்னும் கிடக்கிறது. பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட், உபுண்டு, பூட் ஃபோல்டர்களும் இருக்கும். அவற்றில் கை வைத்தால் கணினி எழுந்திருக்காது. அதனால் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, ஃபெடோரா ஃபோல்டரை மட்டும் நீக்கினேன்.

அப்புறம் கிரப். இதன் கான்ஃபிக் கோப்பைத் திறந்து வரிகளை வெட்டுவது வீண் வேலை. அடுத்த கெர்னல் அப்டேட்டில் கோப்பு புதிதாக எழுதப்பட்டுவிடும். ‘எடிட் செய்யாதே’ என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. பழைய கெர்னல்களை, தேவையில்லாதவற்றை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளை கொண்டு நீக்கினேன். மெம்டெஸ்டுக்கு, கிரப்.டி ஃபோல்டரில் உள்ள அதன் ஸ்கிரிப்டின் இயங்கும் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். பிறகு மெனுவைப் புதிதாக எழுதும் அப்டேட்-கிரப் கட்டளை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. குப்பையைக் கூட்டப் போய் விண்டோஸ் வரியும் சேர்ந்து காணாமல் போகலாம். டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் கோப்பில் ‘டிஸேபிள் ஓஎஸ் புரோபர்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கி, மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டினால் வந்துவிடும்.

விண்டோஸ் பக்கம் வேலை குறைவு. எம்எஸ்கான்ஃபிக், பூட் டேப், பழைய வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு டெலீட் பட்டன் மங்கியே இருக்கும், அது நல்லதுக்குத்தான்.