தம்பிக்கு மூளையில் டி.பி.

தம்பிக்கு இருமலே கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். வலிப்பு வந்து எடுத்த எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து, ‘டி.பி. கட்டியாக இருக்கலாம்’ என்று நரம்பியல் டாக்டர் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. டாக்டர்கள் புற்றுநோயை மறைக்கிறார்கள் என்றே அம்மா நினைத்தார்.

கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்தை ஏற்றி எடுத்த படத்தில் மோதிரம் போல ஒரு வளையம் தெரிந்தது. நாடாப்புழு முட்டையால் வரும் கட்டியும் இப்படித்தான் தெரியுமாம். ஆனால் அது பெரும்பாலும் 2 செ.மீ.க்குள் இருக்கும், உள்ளே புழுவின் தலை புள்ளியாகத் தெரியலாம். தம்பியுடையது அதைவிடப் பெரியது, ஓரமும் ஒழுங்கில்லை. கட்டிக்குள் என்ன ரசாயனங்கள் என்று காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபி ஸ்கேனில் கொழுப்பின் அளவு தூக்கலாக இருந்தது; அதுவும் டி.பி. பக்கமே காட்டியதாம். முதுகுத்தண்டில் எடுத்த நீரில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ். கிருமி சிக்காததால் டி.பி. இல்லை என்று ஆகிவிடாது என்றார் டாக்டர். மண்டையைத் திறந்து சதை எடுப்பதைவிட மருந்தை ஆரம்பித்துக் கவனிப்போம் என்று முடிவானது.

முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 10 மாதம் மூன்று. கூடவே வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு. டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் வலிப்புக்கு லெவெட்டிராசிட்டம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்பே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. அரசு மருத்துவமனையில் டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் பதிவு, இலவச மாத்திரை, சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் எல்லாம் பெரிய அலைச்சல் இல்லாமல் நடந்தன.

அப்புறம்தான் சோதனைக்காலம். ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தியதும் தலைவலி திரும்பியது. மறுபடி ஸ்கேன் எடுத்தால் கட்டி பெரிதாகியிருக்கிறது! வேறோர் இடத்தில் காட்டினோம். மருந்து பலிக்கவில்லை, உடனே ஆபரேஷன் என்றார்கள். அம்மா பணத்துக்குக்கூட ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். எங்கள் டாக்டரோ ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்த்தார். கிருமி சாகும்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி கிளம்பி வீக்கத்தைக் கூட்டும், மருந்து சரியாகப் போகும்போதும் இது நடக்கும் என்றார். மருந்துக்கு அடங்காத கிருமியா என்ற சந்தேகத்தையும் அவர் ஒதுக்கவில்லை. டி.பி. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று சொல்லி, ஸ்டீராய்டை மீண்டும் தொடங்கினார். தலைவலி சில நாளில் அடங்கியது. அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது.

இந்த வீக்கத்தைப் பற்றியும் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை தொடங்கினால் அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டி.பி. மருந்து முடிந்துவிட்டது. ஸ்கேனில் சிறு தழும்பு மிச்சம். வலிப்பு மாத்திரை தொடர்கிறது, பைக் ஓட்ட இன்னும் அனுமதி இல்லை. தம்பிக்கு அதுதான் பெரிய குறை.